"காலண்டர் சிங்க் ஆகல"

அலுவலகங்களில் ஐடி உதவி வேலை பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய புகார் இது: ஓரிடத்தில் காலண்டரில் செய்த மாற்றம் இன்னோரிடத்தில் தெரியவில்லை. இந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் இருக்கும். கணக்கை நீக்கி மறுபடி சேர்க்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்: அந்தக் காலண்டர் இந்தத் திரைக்கு எந்த வழியாக வந்தது?

உரிமையாளர் நம் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து ஷேர் செய்திருந்தால், அவர் மாற்றுவது கொஞ்ச நேரத்தில் நமக்கும் தெரியும். ஐசிஎஸ் கோப்பை (காலண்டர் நிகழ்வுகள் அடங்கிய கோப்பு) இம்போர்ட் செய்திருந்தால், அது அன்றைய நிலையின் நகல். பிறகு அங்கே என்ன மாறினாலும் இங்கே வராது. கூகுள் காலண்டரில் இம்போர்ட் ஆகும் நிகழ்வுகளுடன் அழைக்கப்பட்டவர்கள் பட்டியலும் வராது. இம்போர்ட் செய்துதான் ஆக வேண்டும் என்றால், முதலில் காலியாக ஒரு புதுக் காலண்டரை உருவாக்கி அதில் செய்யுங்கள். தப்பாகப் போனால் அந்தக் காலண்டரையே நீக்கிவிடலாம். சொந்தக் காலண்டரில் நேரடியாகக் கொட்டினால் ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க வேண்டும்.

அதிகக் குழப்பம் வருவது மூன்றாவது வழியில்: காலண்டரின் இணைய முகவரியை ஒட்டி சப்ஸ்கிரைப் செய்வது. அவுட்லுக் காலண்டரைக் கூகுளில் பார்க்கவும், கூகுள் காலண்டரை அவுட்லுக்கில் பார்க்கவும் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள். இதில் படிக்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. புதுப்பிப்பதும் மெதுவாகத்தான் நடக்கும். மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அவுட்லுக் டாட் காமில் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். சில சமயம் 24 மணி நேரத்தையும் தாண்டும். அன்று மாலை 4 மணிக்கு இருக்கும் மீட்டிங்கைக் காலையில் பிற்பகல் 3 மணிக்கு மாற்றினால், சப்ஸ்கிரைப் செய்தவர் 4 மணிக்குத்தான் வந்து நிற்பார். விடுமுறைப் பட்டியலுக்கும் பயிற்சி அட்டவணைக்கும் இந்த வழி போதும். ஷிஃப்ட் மாற்றத்துக்கு இதை நம்பக் கூடாது.

கூகுளில் இதற்காகத் தரப்படும் ரகசிய ஐகேல் முகவரியைக் கடவுச்சொல்லைப் போலக் காக்க வேண்டும். அது யார் கையில் இருந்தாலும், லாகின் இல்லாமலேயே நிகழ்வுகளைத் தலைப்போடும் விவரத்தோடும் படிக்கலாம். ஷேர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினால் கதவு மூடிவிட்டது என்று நினைக்கிறோம். அவர் அந்த முகவரியைத் தன் சொந்தக் கணக்கில் ஒட்டியிருந்தால் கதவு திறந்தேதான் இருக்கிறது. முகவரியை ரீசெட் செய்வதுதான் வழி. அப்போது பழைய முகவரியைப் பயன்படுத்திய எல்லோருக்கும் இணைப்பு அறுந்துபோகும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

அனுமதிக்கு வருவோம். கூகுளில் அடிப்படையாக நான்கு படிகள்: ஓய்வா வேலையா என்று மட்டும் பார்ப்பது, எல்லா விவரமும் பார்ப்பது, நிகழ்வுகளைத் திருத்துவது, திருத்துவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. வசதிக்காக எல்லோருக்கும் மூன்றாவதைத் தூக்கிக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. திருத்தும் அனுமதி உள்ளவர், 'பிரைவேட்' என்று குறித்த நிகழ்வையும் திறந்து படிக்க முடியும். அவர் டீம் காலண்டரில் ஒன்றை அழித்தால் அது எல்லோருக்கும் அழியும். குப்பைத் தொட்டியில் சுமார் 30 நாட்கள் இருக்கும் என்பது மட்டுமே ஆறுதல். அவுட்லுக்கில் பிரைவேட் நிகழ்வுகளைப் பார்க்க டெலிகேட்டுக்கு (நம் சார்பில் காலண்டரைக் கையாள்பவருக்கு) தனியாக ஒரு டிக் உண்டு. ஆனாலும் விவரங்களைக் காக்க அந்தக் குறியை மட்டும் நம்பாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது.

ஒருவருடைய ஸ்கேன் தேதியும், இன்னொருவரை வேலையை விட்டு அனுப்பப் போகிற பேச்சும் தலைப்பு வரியிலேயே கிடக்கின்றன. மீட்டிங் வைக்க நேரம் தேடும் சக ஊழியருக்கு 'பிஸி' என்ற ஒரு சொல் போதும். சொந்தக் காலண்டரை முதல் படியில் வைத்துவிட்டு, குழுவின் வேலைக்குத் தனிக் காலண்டர் போடுவதே சரி. அதற்கான அனுமதியை ஆட்களின் பெயரில் தராமல் குழுவின் மின்னஞ்சல் முகவரிக்குத் தந்தால், ஆள் மாறும்போது குழுவின் உறுப்பினர் பட்டியலை மாற்றினால் போதும்.

'எல்லா விவரமும்' என்று கொடுத்தும் வெளி நிறுவனத்தாருக்கு 'பிஸி' மட்டும் தெரிந்தால், நிர்வாகி வைத்த வரம்பைப் பாருங்கள். டொமைனுக்கு, அதாவது நிறுவனத்தின் கணக்குகளுக்கு, வெளியே எவ்வளவு பகிரலாம் என்று அட்மின் கன்சோலில் ஒரு அமைப்பு உண்டு. தனிநபர் அதைத் தாண்ட முடியாது. அதை மாற்றினாலும் நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம்.

பிரவுசரில் தெரியும் ஷேர் காலண்டர் ஐபோனின் சொந்தக் காலண்டர் செயலியில் தெரியாவிட்டால், கூகுளின் 'சிங்க் செலக்ட்' பக்கத்தில் அதற்கு டிக் போட்டுச் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் அந்தக் காலண்டரைத் தொட்டு சிங்க்கை ஆன் செய்ய வேண்டும்.

அமெரிக்கக் குழுவோடு வேலை செய்யும் சென்னை அலுவலகங்களில் மார்ச்சிலும் நவம்பரிலும் வருவது வேறு புகார்: "மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளிப்போச்சு." இதில் சிங்க் கெடவில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. தொடர் மீட்டிங் எந்த நேர மண்டலத்தில் போடப்பட்டதோ அங்கே அசையாது, மற்ற இடத்தில் நகரும். நியூயார்க் நேரம் காலை 9 மணி மீட்டிங் நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. யாருக்கு நேரம் மாறக் கூடாதோ அவருடைய ஊர் மண்டலத்தில் போடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர் உருவாக்கிய டீம் காலண்டர்தான் கடைசிச் சிக்கல். பகிர்வை நிர்வகிக்கும் அனுமதி எப்போதும் இருவரிடமாவது இருக்கட்டும். கணக்கை நீக்குமுன் அவருடைய காலண்டர்களை இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள் மீட்கலாம். அதற்குள் யாராவது அந்தக் காலண்டரைத் தேடினால்தான் உண்டு.