பாக்கெட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு பைட்

புகார் ஒரே வரியில்தான் வந்தது. விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அனுப்பும் சின்னச் சின்ன யுடிபி பாக்கெட்டுகள் வேகம் எடுக்கவில்லை, நெட்வொர்க்கில் தரவை அனுப்பும் இன்னொரு முறையான டிசிபி நன்றாகத்தான் போகிறது. அந்த வரியின் பின்பாதியில்தான் விடை இருந்தது என்பது பிறகு புரிந்தது.

வழக்கமாகச் சந்தேகப்படும் இடங்களைத்தான் முதலில் பார்த்தேன். இன்டரப்ட் எந்தக் கோரில் விழுகிறது, ஹோஸ்டில், அதாவது அடியில் உள்ள நிஜக் கணினியில், பாக்கெட்டுகளைக் கையாளும் விஹோஸ்ட் த்ரெட் எங்கே ஓடுகிறது, கியூ எத்தனை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை.

கெஸ்ட்டுக்குள், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள், நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை ஓட்டியபோதுதான் ஒரு பிடி கிடைத்தது. பட்டியலின் மேலேயே, லினக்ஸ் கெர்னலில் நினைவகத்தை ஒதுக்கும் கேமல்லாக்கும் விடுவிக்கும் கேஃப்ரீயும் நின்றன. பாக்கெட்டுக்கான பஃபரை முன்பே ஒதுக்கியாகிவிட்டது. அனுப்பும் நேரத்தில் மறுபடி எதற்கு நினைவகம்? அழைப்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால், கெஸ்ட்டும் ஹோஸ்டும் பாக்கெட்டைக் கைமாற்றும் விர்ட்டியோ ரிங் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு குட்டி அட்டவணை கட்டிக்கொண்டிருந்தது.

அதன் காரணம், கெஸ்ட்டின் விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டான விர்ட்டியோ-நெட்டின் ஹெட்டர். பிழை பார்க்க உதவும் செக்சம் யார் போடுவது, பெரிய பாக்கெட்டை எங்கே துண்டாக்குவது என்று ஹோஸ்டுக்குச் சொல்ல ஒவ்வொரு பாக்கெட்டுக்கு முன்னாலும் அது போயாக வேண்டும். பழைய முறையில் 10 பைட். பல பஃபர்களைச் சேர்த்து வாங்கும் வசதி இருந்தால் 12. விர்ட்டியோ 1.0-இல் இரண்டு நிலையிலும் 12. ஆரம்பத்தில் இந்த ஹெட்டர் தனித் துண்டாக, அந்தத் துண்டு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் தனி டிஸ்கிரிப்டரில் போனது. ஒரு டிஸ்கிரிப்டர் 16 பைட். துண்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் ரிங் மறைமுக அட்டவணையை, அதாவது முன்பு பார்த்த அந்தக் குட்டி அட்டவணையை, நாடும். ஆக இரண்டு துண்டுக்கு 32 பைட் ஒதுக்கி, நிரப்பி, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். ஹோஸ்ட் பக்கமும் அந்த அட்டவணையைப் படித்து, இரண்டு முகவரிகளையும் மொழிபெயர்க்க வேண்டும். 1500 பைட் பாக்கெட்டில் இந்தச் செலவு கரைந்துவிடும். 64 பைட் பாக்கெட்டில் இதுவே பெரும் சுமை.

2013-இல் டிரைவர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுகொண்டது. ஹெட்டரும் தரவும் எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் ஹோஸ்ட் ஏற்றுக்கொள்ளும் என்றால், பாக்கெட்டுக்கு முன்னால் காலி இடமும் இருந்தால், ஹெட்டரை அங்கேயே எழுதிவிடலாம். ஒரே துண்டு, ஒரே டிஸ்கிரிப்டர். அந்த மாற்றம் எங்கள் கெர்னலில் இருந்தது. ஹோஸ்டும் சம்மதித்திருந்தது. பின் ஏன் இரண்டு துண்டு?

அனுப்பும் ஃபங்ஷனில் ஒரு டிரேஸ் வைத்து, முன்னால் எத்தனை பைட் காலியாக இருக்கிறது என்று அச்சிட்டேன். திரை முழுக்க 2, 2, 2. யுடிபி அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2 பைட்தான்.

கணக்கு எளிது. யுடிபி தன் பஃபரை ஒதுக்கும்போது, கீழே உள்ள டிவைசுக்கு எவ்வளவு ஹெட்ரூம் (முன்னால் காலி இடம்) தேவை என்று கேட்டு அவ்வளவு மட்டும் விடுகிறது. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட். அதை 16-இன் மடங்காக்கி 16 விடுவார்கள். ஈதர்நெட் 14-ஐ எடுத்துக்கொண்டபின் மிச்சம் 2. நமக்கு வேண்டியது 12. டிசிபி அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. 128 பைட்டுக்கும் மேலாக முன்கூட்டியே ஒதுக்கிவிடும். அதனால்தான் டிசிபியில் எந்தக் குறையும் தெரியவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால். எங்கள் டிரைவர் தனக்கு 12 பைட் வேண்டும் என்று எங்கேயும் சொல்லவே இல்லை.

டிவைஸின் தேவையான ஹெட்ரூம் என்ற புலத்தில் ஹெட்டரின் நீளத்தை எழுதினேன். ஒரே வரி. இப்போது 14-உம் 12-உம் சேர்ந்து 26, அது 32 ஆகிறது. ஈதர்நெட் போக 18, விர்ட்டியோ போக 6. பெர்ஃப் பட்டியலில் அந்த அட்டவணைக்கான ஒதுக்கல் மறைந்தது, யுடிபி வேகம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. லினக்ஸின் மூலக் கிளையான மேல்நிலைக் கெர்னலில் இதே வரி எங்களுக்கு முன்பே வந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். நாங்கள் ஓட்டியது பழைய கிளை.

"எதற்கு இந்த அளவுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் 256 விட்டுவிடலாமே" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பெறும் பக்கத்தில், பாக்கெட்டை டிரைவரிலேயே கையாளும் எக்ஸ்டிபிக்கு அப்படித்தான் 256 விடுகிறோம். அரைப் பக்கம், அதாவது 2048 பைட் பஃபரில் அந்த 256-ஐயும், பின்னால் பாக்கெட்டைப் பற்றிக் கெர்னல் வைக்கும் பகிர்வுத் தகவலுக்கான 320-ஐயும் கழித்தால் 1472 மிஞ்சும். முழு ஈதர்நெட் ஃபிரேம் 1514. உள்ளே நுழையாது. சில டிரைவர்கள் 192-ஓடு நிறுத்திக்கொண்டு 1536 பைட்டைக் காப்பாற்றுவது இதனால்தான். முன்னால் விடும் ஒவ்வொரு பைட்டுக்கும் பின்னால் ஒரு விலை இருக்கிறது.

சில காலம் கழித்து இதே கோளாறு, ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லான் டனல் வடிவில் வந்தது. வெளி ஹெட்டர்கள் மட்டும் 50 பைட். டனல் டிவைஸ் தன் தேவையைச் சொன்னது, தனக்குக் கீழே உள்ள டிவைஸின் கூடுதல் தேவையைச் சேர்த்துச் சொல்லவில்லை. இடம் போதாத பாக்கெட்டில் ஹெட்டர் பகுதியைப் புது இடத்துக்கு நகலெடுக்க வேண்டியதாயிற்று. மேல்நிலைக் கெர்னலில் அது 2020-இல் சரிசெய்யப்பட்டது. இந்த முறை நான் பெர்ஃப் வரை போகவில்லை. முதல் வேலையாக டிரேஸ் வைத்து ஹெட்ரூமை அச்சிட்டேன்.