நெய் தடவாத டின்: பாஸ்காவுக்கு நான் செய்த இனிப்புகள்

என் மருமகள் யூதக் குடும்பத்துப் பெண். அவளுடைய அம்மா பிப்ரவரியிலேயே போன் செய்து, இந்த வருடம் பாஸ்கா விருந்துக்கு இனிப்பு உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு அரை மணி நேரப் பயணம். ஐந்து வருடமாக அந்த விருந்தில் சாப்பிட மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கேக் செய்யக் கற்றுக்கொண்டதாகப் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டதன் பலன் இது. 2024-இல் முதல் சேடர் (பாஸ்காவின் சடங்கு விருந்து) ஏப்ரல் 22, திங்கட்கிழமை இரவு. பதினேழு பேர்.

கேசரி, மைசூர்பாகு, பாயசம் என்று மனதில் வரிசையாக வந்தவை வரிசையாகவே அடிபட்டன. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களும் புளிக்கக்கூடியவை. புளித்தது பாஸ்காவின் எட்டு நாளும் ஆகாது. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்கிற மட்ஸா என்ற புளிக்காத தட்டை ரொட்டி மட்டுமே விலக்கு. ஆகவே ரவை போயிற்று. சம்பந்தி குடும்பம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கனாசி யூத வழி. அவர்கள் அந்த நாட்களில் அரிசி, பருப்பு வகை, சோளம், எள்ளையும் தொடுவதில்லை. கடலை மாவும் போயிற்று. ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதக் குடும்பங்களில் அரிசி உண்டு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலே, விருந்தில் மாட்டிறைச்சி பரிமாறுவதால் அதே சாப்பாட்டில் பால், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. நெய்யும் இல்லை என்றதும் எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது.

மார்ச் 24, ஞாயிறு. எளிது என்று நினைத்துத் தேங்காய் மக்கரூனில் தொடங்கினேன். முட்டை வெள்ளை, சர்க்கரை, தேங்காய், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். வருடாவருடம் அவர்கள் மேசையில் டப்பாவில் அடைத்த மக்கரூன் வரும். ஈரப் பஞ்சு மாதிரி இருக்கும். தேங்காய் விஷயத்தில் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று இரண்டு காய் உடைத்துத் துருவினேன். ஓவனில் வைத்த பத்தாவது நிமிடத்தில் தேங்காய்ப் பால் கசிந்து, உருண்டை பிடித்தது அத்தனையும் தட்டையாகப் படர்ந்துவிட்டது. ருசியில் குறை இல்லை, ஆனால் உருவத்தைப் பார்த்தால் உடைந்த அடை. மறுநாள் உலர்ந்த தேங்காய்த் தூள் 200 கிராம், மூன்று முட்டை வெள்ளை, சர்க்கரை 125 கிராம் சேர்த்து, 165 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வைத்தேன். நுனி பழுப்பேறி, உள்ளே மெத்தென்று வந்தது. புதுத் தேங்காய்தான் உயர்ந்தது என்ற என் கட்சி அன்றோடு தோற்றது.

மார்ச் 31. உண்மையான சோதனை ஸ்பாஞ்ச் கேக். சம்பந்தி அம்மாளின் பாட்டி செய்த அளவு: ஒன்பது முட்டை, ஒன்றரைக் கப் சர்க்கரை, மட்ஸாவை மைதா போல நைசாக அரைத்த மாவு முக்கால் கப், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் முக்கால் கப், ஒரு எலுமிச்சையின் சாறும் தோல் துருவலும். சுட்ட மட்ஸாவை அரைத்த மாவில் பிடிமானம் கிடையாது, கேக்கைத் தூக்கி நிறுத்துவது முட்டை நுரை ஒன்றுதான். வெள்ளையைத் தனியாக அடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும், மஞ்சள் கருக் கலவையில் மெல்ல மடித்துச் சேர்க்க வேண்டும். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நடுவில் குழாய் உள்ள டின்னில் நான்கு அங்குலம் எழும்பி நின்றது. ஆறும்வரை அமுங்காமலிருக்க டின்னைத் தலைகீழாக ஒரு ஒயின் பாட்டிலின் கழுத்தில் மாட்டிவிட்டு, காபி கலக்கப் போனேன்.

பொத்தென்று ஒரு சத்தம். கேக் முழுசாக நழுவி மேசையில் கிடந்தது, பக்கவாட்டில் தோசைக்கல்லில் வார்த்தது போல வழவழப்பாக. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: டின்னில் எண்ணெய் தடவியிருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, கவிழ்த்தாலும் அதைப் பிடித்தே தொங்க வேண்டிய கேக் அது. செய்முறைத் தாளில், டின்னில் எதுவும் தடவ வேண்டாம் என்று கோடு போட்டே எழுதியிருந்தது. படித்தும் இருந்தேன். ஆனால் காலித் தட்டைக் கண்டால் நெய்க் கிண்ணத்தைத் தேடுகிற கை இது.

ஏப்ரல் 7-இல் எண்ணெய் பாட்டிலை அலமாரியில் பூட்டாத குறையாக ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தேன். கேக் தொங்கியது, விழவில்லை. கத்தியை ஓரமாக விட்டு அறுத்து எடுத்தேன். மேலே தூவக் கடைப் பொடிச் சர்க்கரை உதவாது, கட்டி பிடிக்காமலிருக்க அதில் சோள மாவு கலக்கிறார்கள். சர்க்கரையை மிக்ஸியில் அரைத்துக்கொண்டேன்.

சித்திரைப் புத்தாண்டன்று என் பங்குக்கு ஒன்று வேண்டும் என்று முந்திரி கத்லி செய்து பார்த்தேன். இரண்டு கப் முந்திரிப் பொடி, ஒரு கப் சர்க்கரை, அரைக் கப் தண்ணீர், ஒற்றைக் கம்பிப் பதம். முந்திரியில் உள்ள எண்ணெயே போதும், நெய் இல்லாமலே திரண்டது. பட்டர் பேப்பர் இரண்டுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன் (பேரில் மட்டும்தான் பட்டர்). தானியம் இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை. எல்லாத் தடையையும் தாண்டி நின்ற நம் பலகாரம் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 21. புளித்த மாவு புழங்கும் என் அடுப்படியில் செய்தது பாஸ்காவுக்கு அங்கே செல்லாது என்பதால் இறுதிச் சமையல் சம்பந்தி வீட்டில். மேடை முழுவதும் அலுமினியத் தாள் விரித்து, வருடம் முழுக்கப் புழங்கும் பாத்திர அலமாரிகளை டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். புது டின், புது கரண்டி, அரைக்கிற ஜார்கூடப் புதிது. சம்பந்தி அம்மாள் பக்கத்தில் நின்று, நான் டின்னை எடுத்தபோது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் இரவு கத்லி முதலில் தீர்ந்தது. மக்கரூன் அடுத்து. ஸ்பாஞ்ச் கேக் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. ஐந்து நிமிடம் முன்னதாக எடுத்திருக்க வேண்டும். பிறகு, ஒளித்து வைத்த மட்ஸாத் துண்டான அஃபிகோமனைப் பேரன் கண்டுபிடித்துப் பரிசு வாங்கிக்கொண்டு வந்தான், எல்லாரும் ஆளுக்கொரு துணுக்குச் சாப்பிட்டோம். பேச்சுவாக்கில் நான் மிச்சமிருந்த மக்கரூனுக்குக் கையை நீட்டினேன். "தாத்தா, அஃபிகோமனுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 30 இரவோடு பண்டிகை முடிந்தது. புது டின் அவர்கள் பாஸ்காப் பாத்திரங்களோடு பெட்டிக்குள் போய்விட்டது, மூடியில் என் பேரை எழுதியிருக்கிறார்கள். அடுத்த வசந்தம் வரை அதைத் தொட முடியாது. பழைய டின்னை வைத்து, வறளாத ஸ்பாஞ்சுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறேன்.