பழைய எஃகு ஸ்கூபா சிலிண்டர்: வாங்கியதும் பராமரிப்பதும்

சுவாசிக்கும் காற்றை அடைத்த அலுமினிய சிலிண்டரோடு முக்குளித்தவர்களுக்கு அந்தக் கடைசி நேரத் தொல்லை தெரிந்திருக்கும். காற்று தீரத் தீர சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட, தொடக்கத்திலிருந்தே இடுப்பில் கூடுதல் ஈயம் சுமக்க வேண்டும். எஃகு சிலிண்டருக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. அதற்காகவே எஃகுக்கு மாறினேன். புதியது கட்டுப்படியாகவில்லை, பழையதைத் தேடினேன். உள்ளே ஈரம் புகாமல் காப்பாற்றப்பட்ட எஃகு சிலிண்டர் பல பத்தாண்டுகள் உழைக்கும் என்பதால் இது துணிந்து செய்யக்கூடிய காரியம்தான்.

விற்பவரிடம் இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்கள் இருந்தன. ஒன்று புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. மற்றதில் துத்தநாகப் பூச்சு மங்கி, உடம்பெல்லாம் கீறல். எனக்கு மங்கியதன் மீதுதான் நம்பிக்கை வந்தது. பெயின்ட்டுக்கு அடியில் எத்தனை குழிகள் ஒளிந்திருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

முதலில் சிலிண்டரின் தோள்பட்டையில், அதாவது கழுத்துக்குக் கீழே வளையும் பகுதியில், பொறித்திருந்ததைப் படித்தேன்: வரிசை எண், இயக்க அழுத்தம், கொள்ளளவு, சோதனைத் தேதிகள். இவற்றை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அடுத்து கழுத்தின் மரை. மெட்ரிக் அளவான எம்25 வால்வு, 3/4 அங்குல மரை கொண்ட கழுத்துக்குள் தளர்வாகத் திருகி ஏறிவிடும். பொருந்தியது போலவே தோன்றும். அழுத்தம் ஏற்றும்போது குண்டு போலத் தெறிக்கும். வால்விலும் கழுத்திலும் உள்ள குறியீடுகள் ஒத்துப்போகின்றனவா என்று நானே பார்த்த பிறகுதான் பேரம் பேசினேன்.

காற்றை மெதுவாக முழுவதும் வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு அதில் விருப்பமில்லை; நானும் விடவில்லை. பளபளத்த சிலிண்டரின் உட்சுவரில் பழைய எப்பாக்சி என்ற பிசின் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. பூச்சுக்கும் எஃகுக்கும் இடையில் ஈரம் தங்கினால் துரு மறைவாகவே அரித்துக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டேன். மங்கியதன் உள்ளே மெல்லிய பழுப்புப் பொடி மட்டுமே, குழி இல்லை. சோதனையில் தேறினால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி எடுத்துப் போனேன்.

சோதனைக் கூடத்தில் முதலில் உள்ளே உராய்வுக் கற்களைப் போட்டு மணிக்கணக்கில் உருட்டித் துருவை அகற்றினார்கள். கழுவியவுடன் வெப்பக் காற்றால் உலர்த்தியாக வேண்டும்; ஈரமாக விட்டால் வெற்று எஃகில் உடனே புதுத் துரு படரும். பிறகு நீரழுத்தச் சோதனை. இயக்க அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கோ அதற்கும் மேலோ ஏற்றி, சிலிண்டர் எவ்வளவு விரிகிறது, அழுத்தம் நீங்கியதும் எவ்வளவு பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று அளக்கிறார்கள். எஃகு சிலிண்டர்களுக்கான அமெரிக்க 3ஏஏ தரத்தில், திரும்பாமல் தங்கும் விரிவு மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் சிலிண்டர் தேறியது. தோளில் புதுத் தேதி பொறிக்கப்பட்டது.

இனி பராமரிப்பு. உள்ளே தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலும் காற்று நிரப்பும் இடத்தில்தான். வால்வு வாயிலிலோ நிரப்பும் குழாயிலோ தங்கிய சில துளிகளை, நிரப்பும் காற்றே உள்ளே தள்ளிவிடும். அதனால் இணைப்பதற்கு முன் வால்வைச் சற்றே திறந்து ஊதிவிடும்படி ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். கடலில் காற்றை முழுதும் தீர்ப்பதில்லை. கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தால் தண்ணீர் உள்ளே வராது. அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் காலணியைக் கழற்றி நன்னீரில் கழுவுகிறேன், வெளித்துரு அங்கேதான் தொடங்கும். நிற்கவைத்தே சேமிக்கிறேன், ஈரம் இருந்தாலும் தடித்த அடிப்பகுதியில் தங்கும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. துருப் பிடிப்பதற்கு ஆக்சிஜன் தேவை. ஈரம் உள்ள சிலிண்டரில் காற்றை நிரப்பி நெடுங்காலம் போட்டுவைத்தால், அந்தக் காற்றின் ஆக்சிஜனைத் துரு உறிஞ்சிவிடும். மணத்தில் எதுவும் தெரியாது, சுவாசிப்பவர் திடீரென்று மயங்குவார். மாதக்கணக்கில் கிடந்த காற்றை நான் சுவாசிப்பதே இல்லை; வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன்.

ஆண்டுக்கொரு முறை உட்பார்வைச் சோதனை செய்கிறேன். நீரழுத்தச் சோதனை பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) நுழைவாயில் வடிகட்டியைப் பாருங்கள். அதில் செம்பழுப்புப் பொடி தென்பட்டால், அடுத்த சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே வால்வைக் கழற்றச் சொல்லுங்கள்.