நெல்லையைச் சொல்லாத நெல்லைப் பக்கங்கள்

திருநெல்வேலி வட்டாரத்துத் தங்கும் விடுதிகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் இணையப் பக்கங்கள் எழுதித் தருவதும், பிறர் எழுதியவற்றைத் திருத்துவதும் என் தொழில். திருத்த வரும் பக்கங்களில் இலக்கணப் பிழைகள்தாம் மலிந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பிழைகள் உண்டு, அவற்றைக் களைவது கடினமான வேலையன்று. இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தும், படித்து முடித்தவருக்கு ஊரைப் பற்றி எதுவுமே தெரியாமல் போகும் பக்கங்கள்தாம் என்னை வருத்துகின்றன. 'பிரெத்டேக்கிங்', 'ஹிட்டன் ஜெம்', 'மஸ்ட் விசிட்' என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பக்கங்களில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் அப்படியே போட்டுவிடலாம்.

குற்றாலத்தை எடுத்துக்கொள்ளலாம். வருவதற்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று எழுதப்பட்ட பக்கங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. வெயிலை மனத்தில் வைத்துத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட வரி அது. குற்றாலத்தில் சீசன் என்றால், தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கே கொட்டி, கிழக்கே சாரலாக வந்து விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தாம். வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகளில் தண்ணீர் வரும் என்றாலும், வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களும் அப்போது உண்டு. மார்ச் மாதத்தை நம்பிக் குடும்பத்தோடு வந்து இறங்குபவர் பெரும்பாலும் காய்ந்த பாறையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதுவதும், இங்குள்ள பாபநாசத்தைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தோடு குழப்பி ரயில் வழி சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தவை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிக்கரையில் பெரிய மழை இல்லாதபோதும் மலைமேல் பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வெள்ளமாக வந்துவிடும் என்பது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும். செங்கோட்டை வழியாக வரும் கேரளத்தாருக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். கொல்கத்தாவிலிருந்தோ அகமதாபாத்திலிருந்தோ வருபவருக்கு எப்படித் தெரியும்? அவர் நம்பியிருப்பது அந்த ஆங்கிலப் பக்கத்தைத்தான். ஆங்கிலப் பக்கம் வெள்ளைக்காரருக்காக எழுதப்படுகிறது என்னும் எண்ணத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் நாட்டாரே அதன் பெரும்பகுதி வாசகர்கள்.

நெல்லை ஜங்ஷனில் கார் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், பயணிகள் தொலைபேசியில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். "வேற என்ன சார் கேக்காவ? தண்ணி விழுதா, குளிக்க விடுதாவளா, கோயில் எப்பம் நடை சாத்துவாவ, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்ன மூன்றுக்கும், அவருடைய வண்டியை விளம்பரப்படுத்தும் பக்கத்தில் பதில் இல்லை. அருவியின் அழகுக்கு மட்டும் நான்கு பத்திகள் இருந்தன.

அழகை எழுதவே கூடாது என்பதன்று என் கருத்து. திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலைப் பற்றி எனக்கு வந்த பக்கத்தில், நுட்பமான சிற்பங்கள் காண்போரை மெய்ம்மறக்கச் செய்யும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அங்கே போய் நின்று பார்த்தால் எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவனின் உடலில் விலா எலும்புகள் துருத்தி நிற்பதையும், பாரம் சுமக்கும் கால்களில் தசை முறுக்கேறி இருப்பதையும், விரல்களில் நகம்வரை செதுக்கப்பட்டிருப்பதையும் காணலாம். நாயக்கர் காலத்துச் சிற்பியின் கை அது. இவற்றை எளிய ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாலே போதும். மெய்ம்மறப்பதா வேண்டாமா என்பதை வருபவர் பார்த்துக்கொள்வார். நெல்லையப்பர் கோயிலுக்கும் வாய்க்கு வந்த வயதெல்லாம் எழுதுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் என்பதும், நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கே உள்ளது என்பதும் உறுதியாகச் சொல்லத்தக்க பெருமைகளாக இருக்கும்போது, ஆதாரமில்லாத ஆயிரங்கள் எதற்கு?

மாஞ்சோலைப் பக்கங்களைத் திருத்தும்போது எனக்கு மனம் கனத்துவிடுகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட தேயிலைத் தோட்டம் அது. குத்தகை முடிய 4 ஆண்டுகள் இருந்த நிலையில், 2024இல் தோட்டத்தை நடத்திவந்த நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வை அறிவித்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பிறகும், சிரித்த முகத்தோடு பெண்கள் கொழுந்து பறிப்பதை நேரில் கண்டு மகிழலாம் என்று ஒரு பக்கம் அழைக்கிறது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம், வனத்துறை அனுமதித்தால்தான் போக முடியும் என்ற செய்தி அதில் இல்லை.

இதற்கெல்லாம் எழுதுபவரை மட்டும் குறை கூற முடியாது. வேறு ஊரில் உட்கார்ந்து, தாமிரபரணியைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள், சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் எழுதுகிறார்கள். தேடுபொறிக்கான கீவேர்டுகளை இத்தனை முறை சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்படும் கட்டளை. நடை சாத்தும் நேரத்தை விசாரிக்கச் செலவாகும் ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கூலி கிடையாது. சொல்லை எண்ணிக் கூலி கொடுத்தால் சொல் பெருகத்தான் செய்யும். ஆகவே இப்போதெல்லாம் நான் பக்கத்துக்கு இவ்வளவு என்றே பேசுகிறேன். முதலில் ஓட்டுநரோ விடுதி மேலாளரோ தமிழில் சொல்வதைப் பதிவு செய்துகொண்டு, அதிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுகிறேன். பக்கம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது என்று சிலர் முறையிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். குற்றாலத்து விடுதிக்காரர் ஒருவர் மட்டும், சீசன் நாட்களில் அருவி நிலவரத்தைக் காலையில் ஒரு வரியாகப் பக்கத்தின் தலைப்பிலேயே போடச் சம்மதித்திருக்கிறார். அந்த வரியை எழுதப்போவது அவருடைய வரவேற்பறையில் இருக்கும் பெண். ஆங்கிலம் தடுமாறினாலும் அவர் எழுதுவதை அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.