கும்பகர்ணன் கட்சி

"தப்பு எங்க அண்ணன் மேலதான். ஆனா நாளைக்கு ஸ்டேஷனுக்கு அவன்கூட நான்தான் போவேன்."

அஸ்தம்பட்டி டீக்கடையில் ஒருத்தர் போனில் கத்திக்கொண்டிருந்தார். வரப்புத் தகராறு போல. கையிலிருந்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

கம்பரின் கும்பகர்ணனும் இதே ரகம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனைக் கண்டித்தவன், அப்புறம் அவனுக்காகவே சாகக் கிளம்புகிறான்.

களத்தில் வீடணன் வந்து ராமன் பக்கம் கூப்பிட, வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான், சரி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அவன் தம்பிக்குச் சொல்வது. நீ அங்கேயே பிழைத்திரு, நாங்கள் எல்லோரும் செத்தால் எள்ளும் தண்ணீரும் விட ஆள் வேண்டாமா?

துரோகி என்று ஒரு வார்த்தை இல்லை.

பட்டிமன்றங்களில்தான் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு வீடணனுக்கு. அம்மாவைக் கேட்டால் கும்பகர்ணன் என்பார், அவருக்கு மூன்று தம்பிகள்.