உட்புறம், பின்புறம், விளிம்பு: பழைய ஆடைகளும் நகைகளும் பதக்கங்களும்

பழைய கவுன்கள், நகைகள், முகம் பொறித்த பதக்கங்கள் ஆகிய மூன்றையும் ஒருவரே சேர்ப்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. துணி சேர்ப்பவர் ஒரு வகை, நகை சேர்ப்பவர் இன்னொரு வகை, பதக்கம் சேர்ப்பவரோ நாணயம் சேர்ப்பவர்களின் கூட்டத்தில் ஒருவர் என்று பிரித்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்தப் பிரிவினையில் உடன்பாடில்லை. ஆடையும் நகையும் ஒரே உடம்பின்மேல் இருந்தவை. அவை இரண்டும் அந்த உடம்பின்மேல் எப்படி அமைந்திருந்தன என்பதைத் தேதியோடும் பெயரோடும் காட்டுவது பதக்கம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மூன்றிலும் பிறர் பார்ப்பதற்கென்று ஒரு முகமும், செய்தவரும் அணிந்தவரும் மட்டுமே அறிந்த மற்றொரு பக்கமும் இருக்கின்றன. கவுனுக்கு அது உட்புறம், நகைக்குப் பின்புறம், பதக்கத்துக்கு விளிம்பு. பொருளின் வயதும், அது பட்ட பாடும், அது சொல்லிக்கொள்ளும் காலத்ததுதானா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். ஆகவே எதை வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

ஆடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூன்றிலும் மிகுதியாகப் பேசுவது அதுதான். என்னிடம் 1880களைச் சேர்ந்த கறுப்புப் பட்டு மேல்சட்டை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உடலை ஒட்டிய வெட்டும் முன்புறம் நெருக்கமாக அமைந்த பொத்தான் வரிசையுமே தெரியும். விசேஷமாகச் சொல்ல ஏதுமில்லை. உள்ளே திருப்பினால் ஒரு வாழ்க்கையே விரிகிறது. ஒவ்வொரு தையலின் மீதும் சிறு துணிக்குழாய் வைத்து, அதற்குள் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கப்படும் வளையும் தன்மையுள்ள பட்டையைச் செருகியிருக்கிறார்கள். துணியின் வெட்டு ஓரங்கள் பிசிறு வராதபடி கையால் கட்டித் தைக்கப்பட்டுள்ளன. இடுப்பின் இரு பக்கத்திலும், இப்போதுள்ள தையலுக்கு அரை விரல் உள்ளே, நூல் பிரித்த பழைய ஊசித் துளைகள் நேர்க்கோடாக ஓடுகின்றன. அணிந்த பெண் பருத்தபோது உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து விட்டிருக்கிறார்கள். பிரித்து விட்ட இடத்தில் பட்டின் கறுப்பு மற்ற இடங்களைவிட ஆழமாக இருக்கிறது, வெளிச்சம் அதன்மேல் நெடுங்காலம் படாததால். அக்குளில் வியர்வை பட்டு உள்துணி பழுப்பேறியிருக்கிறது. இந்தக் கறையைப் போக்கித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைத் தொட விடமாட்டேன். அந்த மேல்சட்டை உண்மையிலேயே அணியப்பட்டது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

காலத்தைக் கணிக்கவும் உட்புறமே கைகொடுக்கும். எலியாஸ் ஹோவ் தம் தையல் இயந்திரத்துக்கு 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் பெற்றார். ஆகவே உடலின் முதன்மைத் தையல்கள் இயந்திரத்தில் போடப்பட்டிருந்தால், அந்தக் கவுனை 1820களைச் சேர்ந்தது என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை. மறுபக்கமாக இதைத் திருப்பிச் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: இயந்திரம் வந்த பிறகும் நெடுங்காலம் கையாலேயே தைத்தவர்கள் இருந்தார்கள், இயந்திரத்தில் தைத்த ஆடையிலும் ஓரமடிப்பும் ஹூக்கும் கைவேலையாகவே இருந்தன. நிறமும் ஒரு துப்புத்தான். வில்லியம் ஹென்றி பெர்கின் 1856-இல் நிலக்கரித் தாரின் வழிப்பொருளிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பின்னரே கண்ணைப் பறிக்கும் செயற்கைச் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு முன்பும் இயற்கைச் சாயத்தில் ஊதா இருந்தது என்பதால் நிறத்தை மட்டும் நம்பிக் காலம் சொல்லக் கூடாது. தையல், வெட்டு, ஹூக், உள்துணி எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

தையற்கூடத்தின் பெயர்ப்பட்டி விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் பிறந்த சார்லஸ் ஃப்ரெடெரிக் வொர்த் 1858-இல் பாரிஸில் தம் தையற்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய ஆடைகளில் இடுப்பின் உட்புறம் கட்டிக்கொள்ளும் நாடாவின் மேல் அவர் பெயர் இருக்கும். அந்த நாடா நாலைந்து தையலில் நிற்பது. ஒரு கந்தலான வொர்த் கவுனிலிருந்து அதைப் பிரித்து, பெயரற்ற ஒரு நல்ல கவுனில் வைத்துத் தைக்க ஒரு மாலைப்பொழுது போதும். நாடாவைப் பிடித்திருக்கும் நூல், பக்கத்திலுள்ள மற்ற நூல்களைப் போலவே நிறம் மங்கியிருக்கிறதா, நாடாவின் அளவும் கவுனின் இடுப்பளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பெயருக்காக ஒருபோதும் வாங்க வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டில் ஒரு தீராத நோயும் இருக்கிறது. பட்டுநூலின் இயற்கையான பசையை நீக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்கப்பட்டதால், இழந்த எடையை ஈடுசெய்யவும் அதற்கு மேல் ஏற்றவும் வெள்ளீய உப்புகளில் நூலை ஊறவைத்தார்கள். துணிக்கு நல்ல கனமும் சரசரப்பும் கிடைத்தன. ஆனால் அந்த உலோக உப்பே காலப்போக்கில் இழையை அரித்துவிடுகிறது. மடிப்புகளின் வழியே கத்தியால் கீறியதுபோல் நீளநீளமாகக் கிழிந்து நிற்கும் பட்டு பெரும்பாலும் இந்த வகைதான். அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. கிழிசல் பரவாமல் மெல்லிய துணியின் மேல் படுக்கவைத்துத் தாங்கிப் பிடிக்க மட்டுமே முடியும். இத்தகைய கவுன்களை விழாவுக்கு அணிந்து படமெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஆடையை அணியவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அணிய ஆசை இருப்பவர்கள் அதே வெட்டில் புதிதாகத் தைத்து அணியலாம்; வெட்டைப் படிக்கவும் அது நல்ல வழி.

நகைக்கு வருவோம். நகை ஆடையைவிட நீண்ட ஆயுள் உள்ளது, ஆனால் ஆடையைவிட எளிதில் உருமாறுவது. தோடு மோதிரமாகும், ஆரம் இரண்டு கைவளைகளாகும், பொத்தான் ஆடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் ப்ரூச் ஆகும். பூதக்கண்ணாடியோடு பின்புறத்தைப் பார்த்தால் பற்றவைத்த தடம், அறுத்து மட்டப்படுத்திய வளையம், பொருத்தமில்லாத நிறத்தில் ஒட்டுப்போட்ட உலோகம் எல்லாம் தெரியும். ப்ரூச்சில் ஊசியை மாட்டும் இடம் வெறும் கொக்கியாக இருந்தால் பழையதாக இருக்கலாம். திருகிப் பூட்டும் அமைப்பு இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டின் வேலை, அல்லது பின்னாளில் மாற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு நகைகளில் கல்லின் பின்புறம் பெரும்பாலும் மூடியே இருக்கும். கல்லுக்கு அடியில் மெல்லிய உலோகத் தாளை வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒளிரச் செய்தார்கள். இப்படிக் குளோஸ் செட்டிங்கில் கட்டிய நகையைத் தண்ணீரில் கழுவினால் தாள் கறுத்துக் கல் செத்துப்போகும். உலர்ந்த மென்தூரிகைக்கு மேல் எதுவும் வேண்டாம். சிவப்புக் கல் பதித்த நகை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. அகஸ்ட் வெர்னுயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் அறிவித்தார். அந்தக் கல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து ஓடும், இயற்கைக் கல்லில் அவை நேராக இருக்கும். 1850-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மோதிரத்தில் வளைகோடு தெரிந்தால், கல்லாவது பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

விலையுயர்ந்த பொருள்தான் சேர்க்கத் தக்கது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள பெர்லின் இரும்பு நகைகளைப் பார்க்க வேண்டும். நெப்போலியனுக்கு எதிரான போருக்காக 1813-இல் பிரஷ்யப் பெண்கள் தங்க நகைகளைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இரும்பில் வார்த்த நகைகளை அணிந்தார்கள். ‘தங்கத்தைக் கொடுத்து இரும்பைப் பெற்றேன்’ என்ற பொருள்படும் வாசகம் சிலவற்றில் பொறித்திருக்கும். சரிகைப் பின்னலைப் போன்ற நுட்பத்தில் வார்க்கப்பட்ட கறுப்பு இரும்பு, அணிந்தவளின் கழுத்தில் அவள் செய்த தியாகத்தைப் பேசியது. 1804-இல் தொடங்கிய பெர்லின் அரச வார்ப்பாலையில் இவ்வகை நகைகளோடு மனித முகங்கள் பொறித்த பதக்கங்களும் இரும்பில் வார்க்கப்பட்டன. நகையும் பதக்கமும் ஒரே பட்டறையின் இரு கைவேலைகளாக இருந்த காலம் அது.

பதக்கக் கலையின் தொடக்கத்தைப் பொதுவாக ஓவியர் பிசனெல்லோவிடமிருந்து சொல்வார்கள். பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் பாலையொலொகஸ் 1438-இல் ஃபெராரா நகரத் திருச்சபைப் பேரவைக்கு வந்தபோது, பேரரசரின் முகத்தைப் பக்கவாட்டில் காட்டி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பதக்கமொன்றைப் பிசனெல்லோ வார்த்தார். அதில் எனக்கு முகத்தைவிட முக்கியம் தொப்பி. முன்னால் கூராக நீண்டு, மேலே வரிவரியாக உயர்ந்து நிற்கும் அந்தத் தொப்பியின் அசல் இன்று நம் கையில் இல்லை. அது தலையில் எப்படி உட்கார்ந்திருந்தது, அதற்குக் கீழே தலைமுடி எப்படிச் சுருண்டு விழுந்தது என்பதை வெண்கலம் காத்துவைத்திருக்கிறது.

வார்த்த பதக்கத்தில் அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோலே சொல்லிவிடும். ஒரு பதக்கத்தை அச்சாக வைத்து இன்னொன்றை வார்க்கும்போது உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் நகல் சற்றுச் சிறியதாகும்; நகலின் நகல் இன்னும் சிறியதாகும்; எழுத்துகளின் ஓரமும் முடியின் இழைகளும் மழுங்கும். வார்க்காமல், உலோகத்தின் மேல் அச்சை வைத்து அடித்துச் செய்த பதக்கத்தில் இந்தச் சுருக்கம் இராது, அதே பழைய அச்சைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கலாம். அங்கேதான் விளிம்பைப் பார்க்க வேண்டும். பாரிஸ் நாணயச்சாலை தன் பதக்கங்களின் விளிம்பில் காலத்துக்கேற்ற முத்திரையைக் குத்தியது: 1860 முதல் தேனீ, 1880 முதல் வளக்கொம்பு, அதாவது கனிகளும் பூக்களும் நிரம்பி வழியும் கொம்பு. நெப்போலியன் காலத்துப் பதக்கம் என்று கையில் தரப்படுவதன் விளிம்பில் வளக்கொம்பு இருந்தால், அது நெப்போலியன் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து அடிக்கப்பட்டது. அது போலியல்ல, மறுவார்ப்பும் அல்ல. ஆனால் அந்தக் காலத்துப் பொருளும் அல்ல.

மூன்றையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறேன் என்பதற்கு விக்டோரியா அரசியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாப் பதக்கத்தைக் காட்டலாம். ஜோசப் எட்கர் போம் வடித்த அந்த உருவத்தில் அரசியின் தலைமேல் மிகச் சிறிய கிரீடம் ஒன்று முக்காட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. இதே உருவம் நாணயத்தில் வந்தபோது, விழுந்துவிடும்போல் இருக்கிறது என்று பலர் குறைகூறினார்கள். ஆனால் அந்தச் சிறிய கிரீடம் கற்பனையன்று. 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பின் அரசி கைம்பெண் கோலத்தைக் கைவிடவே இல்லை. அந்த முக்காட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளத் தக்கதாக 1870-இல் வைரத்தில் செய்யப்பட்ட கிரீடம் அது. துக்க ஆடைதான் நகையின் அளவை முடிவு செய்தது; பதக்கம் அந்த இரண்டையும் உள்ளபடியே பதிவு செய்தது. ஆடையைப் பற்றி அறியாதவர் அந்தப் பதக்கத்தில் ஒரு சிற்பியின் பிழையைத்தான் காண்பார்.

ஒன்றாகப் படிக்கலாம், ஒன்றாக வைக்க மட்டும் முடியாது. துணிக்குக் காற்றில் ஏறக்குறைய 50 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். வெண்கலத்துக்கு அதைவிட உலர்ந்த காற்றே நல்லது. குளோரைடு கலந்த அழுக்கு ஏறிய வெண்கலத்தில் ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும். கம்பளித் துணியிலிருந்து வரும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஓக் மரப் பெட்டி அமில ஆவியை விடுவதால் ஈயத்தில் வார்த்த பதக்கங்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் உலோகத்துக்குப் பகைதான். முத்துக்குக் கடும் வறட்சி ஆகாது. ஆகவே ஆடைக்குத் தனி அலமாரி, உலோகத்துக்குத் தனிப் பெட்டி. கவுன்களை அமிலமற்ற தாள் வைத்துப் படுக்கையாகக் கிடத்த வேண்டும்; மணி கோத்த கனமான கவுனைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதன் எடையே தோளைக் கிழித்துவிடும். பார்வைக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. மறந்துபோன குண்டூசி ஒன்று துருப்பிடித்தாலும் கறை நிரந்தரம் என்பதால், வந்தவுடன் ஒவ்வொரு மடிப்பையும் தடவிப் பார்த்துவிடுவேன்.

வெவ்வேறு பெட்டிகளில் கிடக்கும் இவற்றை இணைப்பது குறிப்பட்டைகள்தான். பொருள் யாரிடமிருந்து வந்தது, அவர் அதைப் பற்றி என்ன சொன்னார், நான் கண்ணால் கண்டது எது, ஊகித்தது எது என்பவற்றைத் தனித்தனியாக எழுதி, தொடர்புள்ள மற்ற பொருள்களின் எண்களையும் அதே அட்டையில் சேர்க்கிறேன். எழுதுவது பென்சிலால்; மை கசிந்தால் துணி போய்விடும். ஆடையின் எண்ணைச் சிறு பருத்தி நாடாவில் எழுதி உள்துணியில் இரண்டு தளர்ந்த தையலால் பிடித்துவைக்கலாம். பதக்கத்தின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. எண் அதன் உறைக்குள் வைக்கும் தாளில் இருக்கட்டும்.