கிழக்கு வாசலில் விட்ட சைக்கிள்

கும்பகோணத்து விடுதிக்கு எதிரே இருந்த கடையில் காலைக் காபியைக் கையில் வாங்கினேன். டம்ளர் டபராவில் மோதி மோதிச் சத்தம் போட்டது. கடைக்காரர் காபியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். சென்னையிலிருந்து இராமேசுவரத்துக்குச் சைக்கிளில் கிளம்பி அன்று நான்காம் நாள். தஞ்சாவூர் தாண்டிப் புதுக்கோட்டை வரை 100 கிலோமீட்டர் மிதிப்பதாகத் திட்டம். காபி ஆறுவதற்குள் திட்டத்தைக் கைவிட்டேன்.

கால் களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். காரணம் வேறு. முந்தின நாள் சிதம்பரத்தில் தரிசனம் முடித்துக் கிளம்பியவன், கங்கைகொண்ட சோழபுரத்தில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. திருப்பனந்தாள் பக்கம் சாலையில் பாதி அகலத்துக்குச் சம்பா நெல் காயப் போட்டிருந்தார்கள். குனிந்து நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த பெரியவர், என் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாக தூரத்தில்தான் தெரிந்தார். ஹேண்டிலை ஒடித்து நெல்லின் மேல் சரிந்தேன். அவர் மீது சக்கரம் படவில்லை. "அடிபட்டதா தம்பி?" என்று கேட்டதும் அவர்தான். சிதறிய நெல்லை மறுபடி கூட்டிவிட்டு, "இருட்டிவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ" என்றார். நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

நடுக்கத்துக்கென்றே அந்தப் பக்கத்தில் ஒரு சுவாமி இருக்கிறார். மயிலாடுதுறை சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் திருபுவனம். சுவாமியின் பெயர் கம்பகரேசுவரர். கம்பம் என்றால் நடுக்கம். நடுக்கம் தீர்த்த பெருமான் என்று தமிழில் சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. மூட்டைகளை விடுதியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பாரம் இல்லாத சைக்கிள், கட்டவிழ்த்த கன்றுக்குட்டிபோல ஓடியது.

மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த கோயில் அது. அவன் ஆண்ட காலம் 1178 முதல் 1218 வரை. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டன. அதே வரிசையில் வந்த இந்த நான்காவது பெரிய விமானம் ஏறவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை, இராகு காலத்தில், இங்கே சிவனின் சரப வடிவமான சரபேசுவரருக்குக் கூட்டம் கூடும். நான் போனது வார நாள் காலை. கருங்கல் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்லின் குளிர்ச்சி தொடை வரை ஏறியது.

இங்கே நடுக்கம் தீர்ந்தவன் வரகுண பாண்டியன் என்பது தலவரலாறு. குதிரையில் விரைந்து வரும்போது வழியில் படுத்திருந்த அந்தணர் ஒருவர் குளம்படியில் சிக்கி இறந்தார். அரசன் கவனிக்கவே இல்லை. அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி அவனைப் பற்றிக்கொண்டது. சிறு வயதில் கேட்டபோது இதை ஏதோ பழங்கதையாகத்தான் கேட்டேன். வண்டி ஓட்டுகிறவன் கதை என்பது அன்றுதான் உறைத்தது.

பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி அவனை விட்டது அடுத்த ஊரான திருவிடைமருதூரில். மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் அவன் நுழைந்தான். அது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் திரும்பி வருவான் என்று அது காத்திருக்க, அவன் மேற்கு வாசல் வழியே போய்விட்டான். அதனால் இன்றும் அங்கே வந்த வழியே திரும்பக் கூடாது. கிழக்கு வாயிலில் பிரம்மஹத்தி இன்னும் சிலையாக உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்தவன்தான், சைக்கிளையும் செருப்பையும் கிழக்கு வாசல் பூக்கடையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

வடக்கே ஸ்ரீசைலம், தெற்கே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர், நடுவில் இது. மூன்றுக்கும் மருதமே தலமரம். இங்கே மகாலிங்கம் மூலவர் என்றால், சுற்றியுள்ள ஊர்கள் அவருடைய பரிவார சன்னதிகள்: விநாயகர் திருவலஞ்சுழி, முருகன் சுவாமிமலை, நந்தி திருவாவடுதுறை, நவக்கிரகம் சூரியனார்கோயில், பைரவர் சீர்காழி, நடராசர் சிதம்பரம். அசுவமேதப் பிரகாரத்தைச் சுற்றும்போது இது நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் நேற்று சிதம்பரத்திலிருந்து நான் மிதித்த 70 சொச்சம் கிலோமீட்டரும் இந்தக் கோயிலின் பிரகாரத்துக்குள்தான். நெல் கூட்டிய பெரியவரும் உள்ளேதான் இருந்தார். பிரகாரத்திலா அந்த வேகத்தில் வந்தேன்?

சன்னதியில் வேண்டுதல் எதுவும் வரவில்லை. தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது விரல்கள் நேராக இருந்தன. அவ்வளவுதான்.

மேற்கு வாயிலில் துறவி பத்திரகிரியார். அவருடைய குரு பட்டினத்தார் இருப்பது கிழக்கு வாயிலில். பிச்சை கேட்டு வந்தவரிடம், "மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேள்" என்று பட்டினத்தார் அனுப்பினாராம். ஒரு திருவோடும் ஒரு நாயும் வைத்திருந்ததற்கு அந்தப் பட்டம்! இரண்டே பைகளோடு ஊர் சுற்றுகிறேன் என்று நான்கு நாளாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன், அவரை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தேன்.

வந்த பிறகுதான் செருப்பு அந்தப் பக்கம் இருக்கிறது என்ற ஞாபகம். மணி பதினொன்று. தார் சாலையில் வெறுங்காலோடு, வீட்டு நிழல் வீட்டு நிழலாகத் தாவித் தாவிப் பாதிக் கோயிலைச் சுற்றினேன். மாட வீதியில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பூக்கார அம்மாவும் சிரித்தார். நான் வாசலை ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டு, "பயப்படாதே தம்பி. அது உள்ளே போனவன் எப்போது வருவான் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. தெருவில் வருகிறவனைக் கவனிக்காது" என்றார். இரண்டு முழம் கதம்பம் வாங்கி ஹேண்டிலில் சுற்றிக்கொண்டேன்.

திரும்பும் வழியில், திருபுவனத்துக்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. உச்சி வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை துல்லியமாகத் தெரிந்தது. இறங்கி, நெல் முடியும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.